'இரு தரப்பினரிடையே மோதல்'

ஆசிரியருக்கு,

ஒரு கூட்டம் தெருவுக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கிவிட்டுப் போகிறது. மறுநாள் தலைப்பு: 'இரு தரப்பினரிடையே மோதல்'. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு நடுங்கியவர்கள் எப்போது ஒரு 'தரப்பு' ஆனார்கள்?

2005-இல் கத்ரினா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது இரண்டு படங்கள் வெளிவந்தன. இரண்டிலும் வெள்ளநீர், கையில் மளிகைப் பொருள். கறுப்பின இளைஞர் கடையைச் 'சூறையாடிவிட்டு' வருவதாக ஒரு செய்தி நிறுவனத்தின் படக்குறிப்பு. வெள்ளையர் இருவர் ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்ததாக' இன்னொன்றின் குறிப்பு. நேரில் கண்டதைத்தான் எழுதினோம் என்றார்கள் இரு தரப்பிலும். இருக்கலாம். ஆனால் படித்தவர் மனத்தில் தங்கியது அந்த ஒரு வினைச்சொல். அமெரிக்கப் பத்திரிகைகள் வெள்ளையர் கண்ணாலேயே உலகைப் பார்க்கின்றன என்று, அங்கு நடந்த இனக் கலவரங்களை ஆராய அரசு அமைத்த கெர்னர் ஆணையம் 1968-லேயே கடிந்திருந்தது!

ஏழை பிடிபட்டால் அவர் எந்தச் சமூகம் என்பதும் செய்தியில் வந்துவிடுகிறது. வசதியானவர் சிக்கினால் வெறும் 'தொழிலதிபர்'. நிருபர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், தலைப்பு வைப்பவர் வேறொருவர் என்று தெரியும். அவருக்கு ஒரு வேண்டுகோள்: யார் யாரை அடித்தார்கள் என்பதை எழுவாயோடு எழுதுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள்ளலாம்.

- நெடுநாள் வாசகர்