பேயை நம்பாதவர்களுக்கான கதைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசிப்புப் பழக்கம் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி மூன்று நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேய்க்கதைகள் மேல்நாட்டிலிருந்து இறங்கிய மலிவுச் சரக்கு, மூடநம்பிக்கை உள்ளவர்கள்தான் அவற்றை விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் 26 ஆண்டு வேலை பார்த்து 2013இல் ஓய்வு பெற்றவள் நான். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள் என்பது என் கையால் தேதி முத்திரை குத்திய விஷயம். இதற்கு நான் பதில் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

1990களின் தொடக்கத்தில் எங்கள் நூலகத்துக்குப் பின்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் சுளகு, அதாவது முறம்; சுளகில் வெட்டிய இலை, ஓரத்தில் தூள். அவர்களில் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் மட்டும் பீடி சுற்றமாட்டாள். அவள் வேலை, கதையை உரக்கப் படிப்பது. அவளுக்கு உண்டான பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். வாரம் தவறாமல் வந்து, "அக்கா, போன தடவை கொடுத்ததை விடப் பயமா வேற இருக்கா?" என்று கேட்பாள். குடும்பக் கதை கொடுத்தால் முகம் வாடிவிடும்.

ஒருநாள் மாலை அந்தப் பக்கம் போனபோது நானும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கிணற்றடியில் இருட்டில் யாரோ வாளி இறைக்கும் சத்தம் கேட்கிறது, போய்ப் பார்த்தால் கயிறு காய்ந்து கிடக்கிறது என்று ஒரு கட்டம். படிக்கிறவள் குரலைத் தாழ்த்தினாள். சுளகுகளில் கைகள் நின்றுபோயின. பாதி சுருட்டிய இலையை விரலில் பிடித்தபடி ஒருத்தி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டுச் சிரித்தார்கள். "இன்னைக்கு இந்தக் கதையால அரைக் கட்டு குறைஞ்சிட்டு" என்றாள் ஒருத்தி. ஆனாலும், "ஏட்டி, இன்னொரு பக்கம் படி" என்றாள் அவளே.

அந்த வீட்டில் ஒரு கிழவி உண்டு. அவளுக்குப் பேய் இருப்பதில் துளியும் சந்தேகம் கிடையாது. தன் நாத்தனாரைப் பேய் பிடித்த கதையை நாள், நேரத்தோடு சொல்வாள். விளக்கு வைத்துவிட்டால் அந்தப் புத்தகத்தைத் திண்ணையில் பிரிக்கவே விடமாட்டாள். "பேய் உண்டுன்னு தெரிஞ்சவளுக்குக் கதை எதுக்கு?" என்று அவள் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. கட்டுரையாளருக்கு நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. பேயை மெய்யாகவே நம்புகிறவர்கள் பேய்ப் புத்தகத்தை வீட்டு வாசல் தாண்ட விடமாட்டார்கள். எங்கள் நூலகத்தில் பேய்க்கதை அலமாரியை ஒன்று விடாமல் படித்து முடித்தவர் கருப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர். மேடை ஏறினால் பேய், பில்லி, சூனியம் எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டுவார். "இல்லாத ஒண்ணுக்குப் பயந்து பாக்கிறதுல ஒரு சுகம் இருக்கும்மா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி செய்த நர்சுகள், தனியாக முழித்திருக்க வேண்டியவர்கள்தான் அவருக்கு அடுத்தபடி. இருட்டோடு தினமும் பழகுகிறவர்கள் இருட்டைப் பற்றிப் படிக்க ஆசைப்படுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்தது இறக்குமதிச் சரக்கு என்ற பேச்சு. இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றாக அச்சத்தைச் சொல்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணி, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று வரிசை வைக்கிறது. புலியையும் திருடனையும் அரசனையும் பின்னால் தள்ளிவிட்டு, ஆளை வருத்தும் தெய்வமும் பேயுமான அணங்கு முதலில் நிற்கிறது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பரிமாறியதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே அறிவார்கள்.

மணிமேகலையில் 'சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை'யைக் கட்டுரையாளர் ஒரு இரவு தனியாக உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும். புகார் நகரத்துச் சுடுகாடு. சார்ங்கலன் என்ற சிறுவன் துணையில்லாமல் அதற்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு பேய் ஒரு பெண்பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடிக்கொண்டிருக்கிறது. கூந்தல் மேகமா, கண் கயலா, மூக்கு குமிழம்பூவா, பல் முத்தா என்று கவிஞர்கள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்விகளை எல்லாம் மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அங்கே கொண்டுவந்து வைக்கிறார். பேய்க்கு அந்தக் கேள்வி எதுவும் இல்லை. கண்ணைத் தோண்டித் தின்றுவிட்டுக் களித்து ஆடுகிறது. அழகை வருணிக்கப் பழகிய அதே சொற்களை எடுத்துக்கொண்டு இப்படி உடம்பை உலுக்க முடியுமா என்று அந்த வரிகளில் ஒவ்வொரு தடவையும் நான் நின்றுவிடுகிறேன். சிறுவன் வீட்டுக்கு ஓடி, பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாய் கோதமையிடம் சொல்லி விழுந்து சாகிறான். பேய் அவனைத் தொட்டதாகக்கூடப் புலவர் சொல்லவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது. அவன் பார்த்ததையே பார்க்கும் நாம் சாவதில்லை. நம் கையில் ஏடு இருக்கிறது, வேண்டாம் என்றால் மூடி வைக்கலாம். அந்தப் பாதுகாப்பை வைத்துக்கொண்டு சுடுகாட்டுக்குள் எட்டிப் பார்க்கத்தான் மறுபடி மறுபடி போகிறோம்.

பழையனூர் நீலி என்ற பேயின் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் கட்டியவனே தன்னைக் கொன்றதற்குப் பழி வாங்க வருகிறாள். கள்ளிக்கட்டை ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர் கூடிய சபையில் அந்தக் கட்டை அவனைப் பார்த்து "அப்பா" என்கிறது. வேளாளர் 70 பேர் அதை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து அவளோடு தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். எங்கள் பக்கத்து இசக்கி அம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லடித்து நீலி கதை பாடும்போது, அந்தக் கள்ளிப் பிள்ளை வாய் திறக்கும் இடத்தில் பந்தலே அமைதியாகிவிடும். 'நீலிக்கண்ணீர்' என்று நாம் தினமும் சொல்கிறோம். அவளைக் கொன்றவனின் கொடுமைக்கு அப்படி ஒரு சொல் நம்மிடம் இல்லை. பேய்க்கதை அந்தப் பழைய கொலையையும் மறக்காமல் சுமந்து வருகிறது. எனக்கு அதன் மேல் உள்ள பிரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மேல்நாட்டுக்காரர்கள் இந்தக் கலையை மதித்த விதத்தை நாம் பின்பற்றினால் தப்பில்லை. எம்.ஆர்.ஜேம்ஸ் பழஞ்சுவடிகளில் கரைகண்ட அறிஞர், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துத் தான் எழுதிய பேய்க்கதைகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசிப்பார். அவருடைய முதல் தொகுப்பு 1904இல் வந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது. அங்கே மெழுகுவத்தி, எங்கள் தெருவில் சுளகு. பக்கத்தில் ஆள் இருக்கும்போது சேர்ந்து பயப்படுவதற்கு மனிதர்கள் எங்கேயும் இடம் பண்ணிக்கொள்கிறார்கள்.

நம்மிடம் எழுத ஆள் இல்லாமலும் போகவில்லை. ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' படம் 2011இல் வந்த புதிதில், ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து அந்தப் படத்தின் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். அப்படி ஒன்று கிடையாது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை எடுத்துக் கொடுத்தேன், 1943இல் வந்த கதை என்பதைச் சொல்லாமல். இரண்டாம் நாளே வந்து நின்றான். "மேடம், அந்தப் பொம்பளை யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே?" என்றான். கோபமாகத்தான் கேட்டான். "நானும் ரொம்ப வருசமா அதைத்தான் யோசிக்கேன்" என்றேன். மறுபடியும் அதையே எடுத்துக்கொண்டு போனான். இப்போது வரும் பேய்ப் படங்களில் முக்கால்வாசி எனக்குப் பிடிப்பதில்லை. சிரிக்க வைத்து, பாட்டுப் போட்டு, பேய்க்கு ஒரு முன்கதை சொல்லி எல்லாக் கணக்கையும் நேர்செய்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் அந்தப் பையனைப் புதுமைப்பித்தனிடம் கூட்டிவந்தது அப்படி ஒரு படம்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தபோது, அந்த அரை மணி நேரம் எங்கள் தெருவில் நாய் குரைப்பது மட்டும்தான் கேட்கும். மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே, இவர் எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு ஆட்கள் நிற்பார்கள். கையில் புத்தகமே எடுக்காத சிலரை உறுப்பினராகச் சேர்த்தது அந்தத் தொடர். 2024 நவம்பரில் மதுரையில் அவர் காலமான செய்தியைப் படித்ததும் அந்த வரிசைதான் எனக்கு நினைவு வந்தது.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, "இந்தக் குப்பையை முதலில் கழித்துக் கட்டுங்கள்" என்றார். நான் ஒரு புத்தகத்தின் தேதிச் சீட்டைப் பிரித்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் முத்திரை நிரம்பி, மேலே இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் பாதி நிறைந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். அவரிடம் அன்று வாயால் சொல்ல முடியாததை இன்று உங்கள் பத்திரிகையில் சொல்லிவிட்டேன்.

ஒரு கோரிக்கையும் உண்டு. மாதத்துக்கு ஒரு பேய்க்கதை போடுங்கள். புதியவர்கள் எழுதட்டும். நன்றாக வரைகிற ஓவியரைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் ஒரு படம் போதும். கதைக்குக் கீழே 'முற்றிலும் கற்பனையே' என்று தயவுசெய்து அச்சிடாதீர்கள், அது எங்களுக்குத் தெரியும்.

திண்ணையில் கதை படித்த அந்தப் பெண் போன மாதம் போன் செய்தாள். அவள் மகளும் இப்போது கல்லூரியில் படிக்கிறாளாம். விடுதியில் நாலு பேர் சேர்ந்து ராத்திரி படிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்டாளாம். "நம்ம லைப்ரரியில அந்தப் பழைய புஸ்தகமெல்லாம் இருக்காக்கா?" என்றாள். நேரில் போய்ப் பார்த்தேன். எல்லாம் படித்துப் படித்துத் தாள் தாளாகக் கழன்றுபோய்விட்டன. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பத்திரிகை வரும் தேதியைச் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
அம்பாசமுத்திரம்.