அம்மாவின் கட்டிலருகே இருந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், வீடு தேடி வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட வலி நிவாரணக் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் ஸ்தோத்திரங்கள்.

அடக்க ஆராதனை முடிந்து நீங்கள் கிளம்பியபோது ஒருவரிடமும் சரியாகப் பேச முடியவில்லை. கும்பிட்டு அனுப்பியதோடு சரி. அதனால்தான் இந்த மடல்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களும் அதிகம், வந்தவர்கள் சொன்ன காரணங்களும் அதிகம். கர்த்தர் சோதிக்கிறார் என்றார் ஒருவர். அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கும் என்றார் இன்னொருவர். அம்மா வாந்தியெடுத்துக் களைத்துக் கிடந்த நேரத்தில், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற ரோமர் வசனத்தைத் தலைமாட்டில் நின்று வாசித்தவர்களும் உண்டு. அந்த வசனத்தை நானும் நம்புகிறேன். ஆனால் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று சொன்ன பிறகுதான் பவுல் அந்த வரிக்கு வருகிறார். நாம் மட்டும் எடுத்த எடுப்பிலேயே நன்மைக்குப் போய்விடுகிறோம்.

காரணம் சொல்லாமல் கூட இருந்தவர்களுக்குத்தான் இந்த நன்றி. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் அவர்கள்மேல்தான். எதிர்வீட்டுப் பெரியம்மா வேதாகமம் வாசித்தவர் இல்லை. நெற்றியில் திருநீறோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார். அம்மா தூங்கினால் அவரும் கண்ணயர்வார். பெரியம்மா, உங்களால்தான் மத்தியானத்தில் நாங்கள் ஒரு வாய் சாப்பிட முடிந்தது.

கடும் வலிக்குக் கொடுக்கும் ‘மார்பின்’ என்ற மாத்திரையைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் பயந்தார்கள். ஆண்டவரே சிலுவையில் வலி மரத்துப்போக வெள்ளைப்போளம் கலந்து கொடுத்த திராட்சரசத்தை வாங்கிக்கொள்ளவில்லையே, விசுவாசி வலியைத் தாங்க வேண்டாமா என்று ஒரு மாமா கேட்டார். எங்கள் சபைப் போதகரான ஐயர் அமைதியாகச் சொன்னார்: “இயேசு சொன்ன கதையில், குற்றுயிராய்க் கிடந்தவனுக்குச் சமாரியன் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான்.” மாமா அதற்கு மேல் பேசவில்லை. ஐயரவர்களே, அந்த ஒரு பதிலுக்காகவே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வலி வந்தபிறகு மாத்திரை தேடி ஓடக் கூடாது, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து வேண்டும் என்று கற்றுத்தந்தவர் நர்ஸ் சிஸ்டர். லண்டனில் 1967-இல், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸைப் பற்றியும் அவர்தான் சொன்னார். நர்ஸாக இருந்து டாக்டரானவர், ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். உடம்பு, மனசு, குடும்பக் கவலை, ஆத்துமா எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்பது அவர் பார்வை. ‘வேறு என்னம்மா வலிக்கிறது?’ என்று சிஸ்டர் கேட்டபோது, சித்தியோடு பேச்சு நின்றுபோனதை அம்மா சொல்லி அழுதார். அது அவரை இவ்வளவு அரித்துக்கொண்டிருந்தது எங்களுக்கே தெரியாது. தகவல் போனதும் சித்தி வந்துவிட்டார். சித்தி, பழசை ஒன்றும் கிளறாமல் வந்து அம்மாவுக்குத் தலைவாரி விட்டீர்களே, அதற்கு நன்றி.

வாலிபர் சங்கத்துத் தம்பிக்கு ஒரு தனி வார்த்தை. அம்மா சங்கீதம் 88 வாசிக்கச் சொன்னார். கடைசி வசனம்வரை விடியாத சங்கீதம் அது. நீ வாசித்தாய், முடித்தாய், ஆறுதலுக்கென்று ஒன்றையும் ஒட்டவைக்கவில்லை. யாரோ தன் மனசைப் பேசிவிட்டதுபோல அம்மா ‘ஆமென்’ என்றார்.

அம்மா பிறந்தது டோனாவூர்ப் பக்கம். அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்ததைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதுவது ஒட்டுவதில்லை என்று, நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார் அந்த அம்மையார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நம் சபை அக்கா அதைப் போனில் செய்தார். இரவு 9 மணிக்கு அழைப்பார். இரண்டு பேரும் ஊசி போடத் தெரியாத நர்ஸ்களையும் ஆஸ்பத்திரிக் கஞ்சியையும் கேலி செய்து சிரிப்பார்கள். ஜெபம் கடைசியில் ரெண்டு வரிதான். அக்கா, உங்கள் உடம்பு முடியாத நாளிலும் அழைத்தீர்கள். இனி அந்த 9 மணிக்கு நான் அழைக்கிறேன், எடுங்கள்.

சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், நடுராத்திரியில் ஆட்டோ எடுத்த அண்ணனுக்கும், கல்லறைத் தோட்டத்து வேலைகளைக் கேட்காமலே பார்த்த மூப்பருக்கும் நன்றி.

தண்ணீர் மெத்தையையும் சக்கர நாற்காலியையும் ஆலய அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். எந்த மதத்தார் வீட்டுக்குத் தேவைப்பட்டாலும் எடுத்துக்கொள்ளலாம், வாடகை கிடையாது. மீதியிருந்த மார்பினை மட்டும் சிஸ்டரிடமே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது தேவைப்படுகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள், மாமாவை அல்ல.