உரம் போட்டால் குடுவை வராது

ஷில்லாங்

அன்புள்ள பாஸ்கர்,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போடச் சொல். இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த சட்டையை இஸ்திரிப் பெட்டிதான் காயவைக்கிறது.

சரி, உன் நெப்பந்தஸ், அந்தப் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி. நர்சரியிலிருந்து வரும்போது தொங்கிய குடுவைகள் காய்ந்து விழுந்துவிட்டன, செம்மண்ணும் மண்புழு உரமும் போட்ட பிறகு இலை மட்டும்தான் தளதளவென்று வருகிறது என்று புலம்பியிருக்கிறாய். கோவையின் காய்ந்த காற்றும் ஒரு காரணம்தான். ஆனால் என் சந்தேகமெல்லாம் உன் உரத்தின் மேல்தான். பூச்சி அதற்குச் சாப்பாடு என்று நினைக்கிறோம். சர்க்கரையை அது மற்ற செடிகளைப் போல வெயிலில்தான் தயாரிக்கிறது. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும்தான் பூச்சி. இலை நுனியைக் குடுவையாக வளர்ப்பது அதற்குச் செலவுதான். குடுவை வெயிலைப் பயன்படுத்துவதிலும் மந்தம். வேரிலேயே எல்லாம் கிடைத்தால் இந்தச் செலவு எதற்கு?

வட அமெரிக்கச் சதுப்புகளில் சாரசீனியா என்று இன்னொரு குடுவைச் செடி உண்டு. அதற்கு எல்லிசன், கோட்டெல்லி என்ற இருவர் நைட்ரஜன் ஊற்றிப் பார்த்தார்கள். ஊற்ற ஊற்ற, குடுவை சிறுத்துத் தட்டை இலைகள் வர ஆரம்பித்தன. 2002-இல் வந்த ஆய்வு.

போன மாதம் ஜோவாய் தாண்டி ஜராய்ன் பக்கம் போனபோது இந்த மேகாலயா மலைகளுக்கே உரிய நெப்பந்தஸ் காசியானா இனத்தை அதன் சொந்த மண்ணில் பார்த்தேன். கொட்டுகிற மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் மேடு. ஒரு குடுவை அருகே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். விளிம்பு காய்ந்திருந்தவரை எறும்புகள் தேனை நக்கிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பின. தூறல் விழுந்ததும் அதே விளிம்பு பாசி பிடித்த படித்துறையாகிவிட்டது. ஒன்று வழுக்கி உள்ளே போனது. மேலே இருக்கும் மூடி அசையவே இல்லை. பூச்சி விழுந்ததும் மூடிக்கொள்ளும் என்று பள்ளியில் கேட்டதெல்லாம் கதை. மழைநீர் நிறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. உள்ளே எட்டிப் பார்த்தால் செத்த எறும்புகளுக்கு நடுவே கொசுப் புழுக்கள் ஜாலியாக நெளிகின்றன! செரிக்க வைக்கும் நீர் அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

ஆகவே அந்த மண்ணைக் கொட்டிவிடு. ஸ்பேக்னம் என்ற சதுப்புப் பாசியோடு பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) கலந்து நடு. மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று. உப்பேறிய போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கறித்துண்டு போடலாமா என்று கேட்டிருக்கிறாயே, அழுகித்தான் போகும். எறும்புகளே வழி கண்டுபிடித்து வரும்.

டிசம்பரில் லீவு போட்டிருக்கிறேன். காசியானா நாற்று ஒன்று கொண்டுவா என்று மட்டும் கேட்காதே. ஆட்கள் பிடுங்கி விற்பதாலும் அது அருகிப்போய்விட்டது; காட்டுச் செடியை நாடு விட்டு நாடு விற்கவும் தடை. லக்காடாங் மஞ்சள் வேண்டுமானால் ஒரு கிலோ வாங்கி வருகிறேன், அம்மாவிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
முரளி