7ஆம் படுக்கையிலிருந்து நன்றி

அன்புள்ள ஐசியூ டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் துப்புரவுப் பணி அக்காவுக்கும்,

அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்றுதான் யாரையும் பிடிக்காமல் நடந்தார். அவர் தூங்கியதும் இதை எழுதுகிறேன்.

வென்டிலேட்டர் வைத்த ஆறாம் நாள் காய்ச்சல் ஏறியது. "இது அவர் கொண்டுவந்த நோய் இல்லை. இங்கே வந்தபிறகு தொற்றியது" என்று பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். குணமாகத்தானே கொண்டுவந்தோம், இங்கேயே இப்படியா என்று எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவர் மறைக்கவில்லை. இருமித் துப்ப முடியாதவருக்குத் தொண்டைக்குள் வைத்த வென்டிலேட்டர் குழாயை ஒட்டி எச்சில் நுரையீரலுக்குள் கசியும், அதை முழுவதும் தடுப்பது கடினம் என்று பொறுமையாக விளக்கினார். முதல் நன்றி அந்த உண்மைக்கு.

சளியை லேபில் வளர்த்துப் பார்த்தவர்களை நான் கண்டதே இல்லை. மூன்றாம் நாள் அவர்கள் தந்த கிருமியின் பெயர் அசினிட்டோபாக்டர். வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் மசியவில்லை. கடைசியில் கோலிஸ்டின் கொடுத்தீர்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் தினமும் பார்த்தீர்கள்.

அப்புறம், இரவுப் பணி சிஸ்டர். அப்பாவின் தலைமாடு 30 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்ப்பார், வாயைச் சுத்தம் செய்வார். அடுத்த படுக்கையிலிருந்து திரும்பும்போதெல்லாம் கைக்கிருமியைக் கொல்லும் ஹேண்ட்ரப் திரவத்தைத் தேய்த்துக்கொண்டே வருவார். ஒருநாள் நான் ஓடிவந்து நேராக அப்பாவின் கையைப் பிடிக்கப்போனேன். "முதலில் கை" என்று தடுத்தார். சுருக்கென்றது. படுக்கைக் கம்பியில்கூட அந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கம்பிகளை ஒவ்வொரு ஷிஃப்டிலும் துடைத்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அக்கா.

காலை ரவுண்ட்ஸில் தினமும் ஒரு கேள்வி வரும்: "இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா?" முதலில் சிறுநீர்க்குழாய் போனது, அடுத்துக் கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற வைத்திருந்த லைன். 15ஆம் நாள் தொண்டைக்குழாயை எடுத்தீர்கள். அப்பா கரகரத்த குரலில் என் பெயரைச் சொன்னார்.

அடுத்த வாரம் பரிசோதனைக்கு வருகிறோம். வந்ததும் முதலில் அந்த அக்காவைத்தான் தேடுவேன்.

அன்புடன்,
7ஆம் படுக்கைக்காரரின் மகள்