மூக்கன் கடைக்குப் போகுமுன் இதைப் படி

தலவாக்கலை

அன்பு மச்சான்,

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று பயப்படாதே, கடன் கேட்கவில்லை. நேற்று அக்கா போன் எடுத்தாள். உன் பாப்பா வாசிக்கும்போது லெப்டொப்பில் பியானோ சத்தம் பிந்தி வருகிறதாம், அதற்காக நீ புது லெப்டொப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாயாம், மூக்கன் விலைகூடக் குறைத்துத் தருகிறானாம். மூக்கன் விலையைக் குறைக்கிறான் என்ற இடத்திலேயே உனக்கு உறைத்திருக்க வேண்டாமா? படித்து முடிக்கும்வரை பணம் வங்கியிலேயே கிடக்கட்டும். வொயிஸ் மெசேஜில் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு "ஓகே மச்சான்" என்று போட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மழை பிடித்துவிட்டது, துணி காய்வதில்லை. வத்தளை வெயிலில் கொஞ்சம் பார்சல் பண்ணி அனுப்பு.

சரி, விஷயம். சேர்ச்சில் இருந்த பழைய பியானோவின் கதியை நீயே பார்த்தாய். இந்த ஊர் ஈரத்தில் மரமும் கம்பளியும் ஊதி, அழுத்திய கட்டை மேலே வராமல் கீழேயே நிற்கும். கம்பியெல்லாம் துரு. சுருதி சேர்க்கிறவரைக் கொழும்பிலிருந்து கூப்பிட்டால் செலவு ஒரு பக்கம், அடுத்த மழைக்குப் பழைய கதை மறு பக்கம். அதனால் டியூசன் பிள்ளைகளுக்காக 88 கட்டை மிடி கீபோர்ட் ஒன்றைப் பழசாக வாங்கினேன். தானாகச் சத்தம் போடாது, லெப்டொப்பில் மாட்டினால்தான் பேசும். உள்ளே போட்டது சலமாண்டர் என்ற இலவசப் பியானோ. யமஹா சி5 கிராண்ட் ஒன்றை, மெல்லத் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பது வரை 16 அடுக்காகப் பதிவு செய்து சும்மா கொடுத்திருக்கிறார்கள். டெஸ்க்கில் சோக்கால் கட்டை கீறி வைத்து வாசித்த நமக்கு இது தேவலோகம். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், நம் சோக்குப் பியானோவில் சத்தம் பிந்தியதே இல்லை.

இதில் பிந்தியது. கட்டை அடியில் போய் 'டொக்' என்று முட்டுவது முதலில் கேட்கும், அதற்குப் பின்னால்தான் பியானோ வரும். ஆறுதலாக வாசித்தால் தெரியாது. வேகம் கூடினால் விரல் மூன்றாவது கட்டையில் இருக்கும், காது இரண்டாவதில் இருக்கும். அப்போது பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? சத்தம் வரட்டும் என்று ஒரு நூல் பொறுக்கிறது. பொறுத்ததால் அடுத்த சத்தம் இன்னும் பிந்துகிறது. தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை வைத்தால் நாலைந்து தாளச் சுற்றுக்குள் பிள்ளை பின்தங்கிவிடும். பாப்பாவுக்குத் தாளம் நிற்கவில்லை என்று டீச்சர் சொன்னதாக அக்கா வருத்தப்பட்டாள். அந்த டீச்சரை ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டு உன் லெப்டொப்பில் வாசிக்கச் சொல். அவருக்கும் நிற்காது.

பிந்துவதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தால் மூக்கனே கண்டுபிடித்துவிடுவான். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காக்க வைக்கிறார்கள், அதுதான் தொல்லை. பெரிய வாசல் பஃபர், சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்புகிற இடம். கம்ப்யூட்டர் செக்கனுக்கு 44,100 துணுக்குகளாகச் சத்தத்தைச் செய்கிறது, ஆனால் ஒவ்வொன்றாக அனுப்பாது. தோட்டத்து மடுவத்தில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டு, லொறி நிறைந்த பிறகுதானே ஃபெக்டரிக்குப் புறப்படும், அந்த மாதிரி. லோட்டுக்கு 1024 துணுக்கு என்று வைத்தால் அது நிறைய 23 மில்லிசெக்கன். 512 என்றால் 11.6, 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. அப்படியானால் 32இல் வைத்துவிட்டுப் போகலாமே என்பாய். லொறி சின்னதானால் ஓட்டம் கூடும், டிரைவருக்கு மூச்சுவிட நேரமிராது. ஒரு ஓட்டம் தவறினாலும் ஸ்பீக்கரில் சடசடவென்று கேட்கும். சடசடப்பு வராத மிகச் சின்ன அளவு எதுவோ அதுதான் உன் அளவு. எனக்கு 128இல் நின்றது, என் லெப்டொப்பின் வயது உனக்குத் தெரியும்.

அடுத்த வாசல் விண்டோஸ். அது யூடியூப், மெசேஜ் மணி, பியானோ எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கலக்கித்தான் வெளியே விடும். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்கப் போதாது. அந்தக் கலவையைத் தாண்டிப் போகும் வழிதான் ஏஸியோ. கியூபேஸ் என்ற இசை மென்பொருளைச் செய்கிற ஜெர்மன் கம்பனி ஸ்டைன்பெர்க் 1997இல் கொண்டுவந்தது. உன் லெப்டொப்பில் வந்த சவுண்ட் சிப்புக்கு ஏஸியோ டிரைவர் (சிப்பைப் பேச வைக்கிற சின்ன மென்பொருள், லொறிக்காரன் இல்லை) பெரும்பாலும் இருக்காது, பரவாயில்லை, ஏஸியோ ஃபோர் ஆல் என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது, அதைப் போடு. பியானோ மென்பொருளின் ஓடியோ செட்டிங்கில் டிரைவர் என்ற இடத்தில் இப்போது 'டைரக்ட் சவுண்ட்' என்றோ 'விண்டோஸ் ஓடியோ' என்றோ இருக்கும். அதை மாற்றி இதைத் தெரிவு செய். பாப்பா வாசிக்கும்போது யூடியூப் ஊமையாகிவிடலாம், பயந்து எனக்குப் போன் எடுக்காதே, அதன் சுபாவம் அது. ஒத்துவராவிட்டால் அதே பட்டியலில் வாசாபி எக்ஸ்குளூசிவ் என்று இருந்தால் அதைப் பார். எனக்குப் பாதி நோய் இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விட்டது.

இப்போது உன்னைத் திட்ட வேண்டிய இடம். அந்த புளூடூத் ஹெட்போனைத்தானே பாப்பாவின் தலையில் மாட்டியிருக்கிறாய்? துபாயிலிருந்து வந்தது, ஊரெல்லாம் காட்டியது? மச்சான், அதைக் கழற்று. புளூடூத் சத்தத்தைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, அந்தப் பக்கம் விரித்து, விடுபடாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். நூறு, இருநூறு மில்லிசெக்கன் அங்கேயே தின்றுவிடும். படம் பார்க்கும்போது தெரியாததற்குக் காரணம், பிளேயர் படத்தையும் சேர்த்துப் பிந்த வைத்துவிடும். விரலைப் பிந்த வைக்க யாரால் முடியும்? நீ பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அந்த ஹெட்போன் இருக்கும்வரை வீண். வயர் உள்ளதை, நூறு ரூபாய்க்காரன் விற்பதாக இருந்தாலும், மாட்டு.

எவ்வளவு குறைந்தால் போதும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நம் கொழும்பான் மாதிரி இராத்திரி பகலாக எண்ணைத் துரத்துவாய். ஒரு மில்லிசெக்கனில் சத்தம் காற்றில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். நம் சேர்ச்சில் கொயர் கடைசி வரிசை ஓர்கனிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி நிற்குமே, அவர்களுக்கு ஓர்கன் 20 மில்லிசெக்கன் பிந்தித்தான் கேட்டது. மரப் பியானோவிலேயே கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்க் கம்பியில் பட நேரமெடுக்கும், மெல்லத் தொட்டால் இன்னும் கூட. ஆகவே மொத்தமாகப் பத்து மில்லிசெக்கனுக்குள் வந்தால் பெரும்பாலான கைகளுக்கு உறுத்தாது. அதற்குக் கீழே தவம் கிடக்காதே.

திரையில் காட்டுகிற எண்ணையும் அப்படியே நம்பாதே. நான் அளந்தேன். லெப்டொப் ஸ்பீக்கரைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்து, போனில் ரெக்கோர்ட் போட்டு, ஒரே கட்டையை நகத்தால் அடி. அந்தப் பதிவை ஓடாசிட்டி என்ற சத்தம் வெட்டி ஒட்டும் மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் ஒரு சின்ன முள் தெரியும், அது பிளாஸ்டிக் 'டொக்'. கொஞ்சம் வெறுமை, பிறகு பியானோ திரண்டு எழும்பும். அந்த வெறுமையின் அகலம்தான் உன் நோய். பஃபர் கணக்குக்கு மேலே அது அகலமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வரிசையில் இன்னொரு லோட் நிற்கிறது, எண்களை மின்சாரமாக்கும் சிப்பும் தன் பங்கை எடுக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த அகலம் சுருங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு தண்ணி மறந்துவிட்டது. வீட்டில் அதற்கும் திட்டு.

சடசடப்பு வந்தால் உடனே பஃபரைக் கூட்டாதே. முதலில் சார்ஜரைக் குத்து. பட்டரியில் ஓடும்போது லெப்டொப் மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் செட்டிங்கை ஹை பெர்ஃபோமன்ஸ் ஆக்கு. வைஃபையை நிறுத்திப் பார், அதன் டிரைவர் அடிக்கடி குறுக்கே வந்து புரொசசரைப் பிடித்துக்கொள்கிற ஆள். லேட்டன்சிமொன் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, எந்த டிரைவர் குழப்படி செய்கிறது என்று பெயரோடு காட்டிக் கொடுக்கும். பாப்பா பெடலை மிதித்தே வைத்திருக்கிறாளா? பெடல் கீழே இருக்கும்வரை பழைய சுரம் ஒன்றும் சாகாது, அத்தனையையும் கம்ப்யூட்டர் தூக்கிச் சுமக்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கலாம் என்பதுதான் பொலிஃபனி, அந்த இடத்தில் 64 என்று கட்டுப்படுத்து. பியானோ ஃபைல்கள் பழைய சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் சுழலாத, வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்று. சலமாண்டர் கனம் என்றால் பியானோடெக் இருக்கிறது, அது பதிவுகளை வைத்துக்கொள்ளாமல் கம்பியின் அதிர்வைக் கணக்குப் போட்டே சத்தம் செய்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான் குறை.

இவ்வளவும் செய்து சரிவராவிட்டால், வாங்க வேண்டியது லெப்டொப் அல்ல, யுஎஸ்பியில் மாட்டுகிற சின்ன ஓடியோ இன்டர்ஃபேஸ், லெப்டொப்பின் சவுண்ட் சிப்புக்குப் பதிலாக வேலை செய்கிற பெட்டி. தனக்கென்று ஏஸியோ டிரைவர் எழுதியிருக்கும் கம்பனியாகப் பார்த்து வாங்கு. மூக்கனிடம் அது இருக்காது, அவன் ப்ரிண்டர் கேபிளைக் காட்டுவான்.

மச்சான், உனக்கு இது ஒரு செட்டிங், எனக்கு அப்படி இல்லை. சத்தம் பிந்தும் கருவியில் மாதக்கணக்காகப் பழகினால் கை அதற்கு ஏற்ற மாதிரித் திருந்திவிடும். முந்திக்கொண்டு அடிக்கப் பழகும், அல்லது சத்தம் வராததால் பலமாகக் குத்தப் பழகும். பிறகு நுவரெலியாவிலோ கண்டியிலோ பரீட்சையில் உண்மையான பியானோ முன்னால் உட்காரும்போது அந்தக் கை அங்கே பிழையாகும். பாப்பாவுக்கு நாளைக்கு நீ ஒரு மரப் பியானோ வாங்கிக் கொடுத்துவிடுவாய். என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஒன்று தோட்டத்து மேல் டிவிஷன் லயன் வீட்டிலிருந்து மழையில் நடந்து வருகிறது. அம்மா கொழுந்து எடுக்கிறவர். நம் தாத்தா காலத்தில் பியானோ தோட்டத்துத் துரையின் பங்களாவில் இருந்தது, தோட்டத்து ஆட்கள் அதைத் தூக்கி வைத்தார்கள், துடைத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு இந்தக் கீபோர்ட்டும் என் ஓட்டை லெப்டொப்பும்தான் பியானோ. அதிலும் சத்தம் பிந்தினால் நான் எந்த முகத்தோடு தாளம் கேட்பது? அதனால்தான் இராத்திரி இருந்து அந்த வெறுமையை அளந்தேன். பெரிய சேர் இருந்திருந்தால் "எண்ணாதே, கேள்" என்று அடிமட்டத்தால் தட்டியிருப்பார்.

போன வாரம் அந்தப் பிள்ளை சுரவரிசையை மெட்ரோனோமோடு மேலே போய்க் கீழே வந்தது. நான் செட்டிங் மாற்றியதைச் சொல்லவில்லை. முடித்துவிட்டு, "இன்றைக்குக் கட்டை லேசாக இருக்குது சேர்" என்றது. கட்டை அதே கட்டைதான்.

சனிக்கிழமை உட்கார்ந்து செய்துவிட்டு ஓடியோ செட்டிங் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, டிரைவர் பெயரும் பஃபர் எண்ணும் தெரிய வேண்டும். உன் முகம் தெரியத் தேவையில்லை. தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன்,
கடைசி பெஞ்ச்

பி.கு.: லெப்டொப்பை எச்டிஎம்ஐயில் டிவியோடு மாட்டி, டிவி ஸ்பீக்கரில் பாப்பாவை வாசிக்க வைக்கலாம் என்று உனக்கு யோசனை வரும், எனக்குத் தெரியும். செய்யாதே. டிவி படத்தைச் சீர்செய்யும் நேரத்துக்குச் சத்தத்தையும் சேர்த்து நிறுத்தி வைக்கும்.