எட்டு டப்பாவில் எது வேண்டும்?

மதுரை.

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெங்களூரில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய், காதை மூடிக்கொண்டு வண்டி ஓட்டு.

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாழைப்பழம் மாதிரியே வளைந்த மஞ்சள் பெட்டி. பாதி வெங்காயம் வைக்க வெங்காய வடிவத்தில் ஒரு டப்பா. பட்டர் ஃப்ரூட்டுக்குப் பச்சையில் ஒன்று, எலுமிச்சைக்கு ஒன்று, பூண்டுக்கு ஓட்டை போட்ட ஜாடி, கொத்தமல்லியைத் தண்ணீரில் நிற்கவைக்கிற உயரமான டப்பா, முட்டைப் பெட்டி, தோசை மாவு டப்பா. மொத்தம் எட்டு, 2,400 ரூபாய். பாத்திரக்கடைக்காரர் மகளாயிற்றே, ஆர்டர் போடுவதற்கு முன்னால் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டாய், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு வேலைக்கு மட்டும் ஆகிற பாத்திரம் வீண் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அப்பத்தாவின் அடுக்களையை நினைத்துப் பார். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, புளிக்குப் பானை, தயிருக்குக் கற்சட்டி, உப்புக்கு மரத்தில் கடைந்த மரவை, கடுகு சீரகத்துக்கு அஞ்சறைப்பெட்டி. எல்லாமே ஒன்றுக்கு மட்டும் ஆகிற சாமான்தான். ஊறுகாய் ஜாடியில் அப்பத்தா வேறு எதையும் போட விட்டதில்லை. ஆனால் அந்த ஜாடி மாங்காய் மாதிரியா இருந்தது? உள்ளே வைக்கிற பொருள் எதனால் கெடும் என்று பார்த்துச் செய்த பாத்திரம் அது. நீ அனுப்பிய படங்களில் பாதி, பொருள் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் செய்தவை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு உப்புச் சம்படத்தால். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், நம்ம கடையிலிருந்தே பளபளவென்று ஒரு எவர்சில்வர் சம்படம் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா மரவையில் இருந்த கல் உப்பை அதற்கு மாற்றினாள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நல்ல மழை. தை பிறந்து அலமாரியைத் துடைக்கும்போது தட்டு முழுக்க உப்புத் தண்ணீர். சம்படத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் குண்டூசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது அதில் இரண்டு புள்ளி வழியாக வெயில் தெரிந்தது. துருப்பிடிக்காத இரும்பு என்று சொல்லித்தானே அதுவரை நான் விற்றுக்கொண்டிருந்தேன்! அந்த இரும்பில் குரோமியம் சேர்ப்பதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி அதைக் காப்பாற்றுகிறது. ஈர உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மரமும் பீங்கானும் உப்புக்கு அசையாது. அன்றிலிருந்து உப்புக்கு என்று யாராவது சம்படம் கேட்டால், அதை எடுத்துக் கொடுக்காமல் ஜாடி இருக்கிற கடைக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.

சரி, இப்போது உன் வாழைப்பழப் பெட்டி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அதை நானே இரண்டு டஜன் எடுத்து வைத்தேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் பார்த்தவுடன் வாங்கினார்கள். ஒரு வாரத்தில் ஐந்தாறு திரும்பி வந்தது. என்னதான் குறை என்று தெரிந்துகொள்ள, ஒரு நாள் சாயங்காலம் பழக்கடையில் வகைக்கு ஒன்றாக வாங்கி வந்து கல்லா மேல் பரப்பிவைத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சைப்பழம் சரியாக உட்கார்ந்தது. செவ்வாழைக்கு மூடி மூடவே இல்லை. அமுக்கினால் தோல் நசுங்கிச் சாறு வந்தது. பூவன் உள்ளே உருண்டது. மட்டிப்பழம் ஒன்று போட்டால் பாதிப் பெட்டி காலி. நம் ஊர்ப் பழம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம், ஒரு பருமன், ஒரு வளைவு. அந்தப் பெட்டியைச் செய்தவர் மனதில் இருந்தது ஒரே ஒரு பழம். நீ அங்கே தினமும் வாங்குவது ஏலக்கிதானே? அது விரல் நீளம். பெட்டிக்குள் போட்டு ஆட்டினால் கிலுகிலுப்பைதான்.

அளவு பொருந்தினாலும் வீட்டில் சேமித்துவைக்க அது ஆகாது. வாழைப்பழம் பழுக்கும்போது எத்திலீன் என்கிற வாயுவை விடும். அந்த வாயுவே திரும்பப் பழத்தைப் பழுக்கவைக்கும். வாழை மண்டியில் தாரை மூடிய அறைக்குள் அடுக்கிப் புகை போடுவதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். புகையிலும் அந்த வாயு இருக்கிறது. அறையை மூடிவைத்தால் வேலை சீக்கிரம் முடியும். மூடிய பெட்டிக்குள் பழத்தை வைப்பது அதே கதைதான். இரண்டு ஓட்டை இருக்கிறது என்பதால் பெரிதாக மாறிவிடாது. பெட்டிக்கடையில் தாரைக் கயிறு கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காற்றும் படுகிறது, ஒரு பழத்தின் பாரம் இன்னொன்றின் மேல் விழுவதும் இல்லை. உன் அடுக்களை ஜன்னல் கம்பியில் ஒரு எஸ் கொக்கி மாட்டிச் சீப்பைத் தொங்கவிடு. பத்து ரூபாய் செலவு.

ஆனால் மாப்பிள்ளை ஆபீஸ் பைக்குள் பழம் வைத்துக்கொண்டு போவதாகவும், அது லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டதாகவும் ஒரு தடவை சொன்னாய். அதற்கென்றால் ஒன்று வாங்கிக்கொள். தூக்கிக்கொண்டு போவதற்கு அந்தப் பெட்டி நன்றாகவே உதவும். பச்சைப்பழம் வாங்கிக் கொடு, பொருந்தும்.

வெங்காய டப்பா வேண்டாம். இங்கே அம்மா சாம்பார் வெங்காயம்தான் உரிக்கிறாள், பாதி மிஞ்சுகிற பேச்சே இல்லை. நீ பெரிய வெங்காயம் நறுக்குகிறாய், சமைப்பது இரண்டு பேருக்கு, மிஞ்சத்தான் செய்யும். பிளாஸ்டிக்கில் வைத்தால் அந்த வாடை எத்தனை தடவை கழுவினாலும் போகாது, அப்புறம் அதில் வேறு எதையும் வைக்க முடியாது. அதனால்தான் பிளாஸ்டிக்கில் செய்கிறவர்கள் வெங்காயத்துக்கென்று தனி டப்பா விற்க வேண்டியிருக்கிறது. எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் அந்தத் தொல்லை இல்லை. உன் சீரில் வைத்த அடுக்கு டப்பாவில் கடைசிக் குட்டி ஒன்று இருக்குமே, அது ஒரு பாதி வெங்காயத்துக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். எலுமிச்சைக்கும் அதுவே போதும். பட்டர் ஃப்ரூட் காற்றுப் பட்டால் கறுக்கும். கொட்டை இருக்கிற பாதியை மிச்சம் வைத்து, வெட்டிய பக்கத்தில் எலுமிச்சைச் சாறு தடவி, ஒரு தட்டில் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வை. மறுநாள் லேசாக நிறம் மாறியிருந்தால் மேலாகச் சீவிவிட்டுச் சாப்பிடலாம். பச்சை டப்பாவில் வைத்தாலும் மறுநாள் சீவத்தான் வேண்டும்.

பூண்டு ஜாடி வடிவத்துக்காகச் செய்தது இல்லை. பூண்டுக்குக் காற்று வேண்டும், வெளிச்சம் ஆகாது. ஓட்டை போட்ட பீங்கான் இரண்டையும் கவனித்துச் செய்தது. கொடைக்கானல் மலைப்பூண்டை மாதக்கணக்கில் வைத்திருக்கிற வீடாக இருந்தால் வாங்கு என்பேன். நீ வாரம் கால் கிலோ வாங்குகிறாய். ஒரு சின்ன மூங்கில் கூடை போதும்.

கொத்தமல்லி டப்பாவைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். வேரை வெட்டிவிட்டு, கழுவாமல், ஒரு வெள்ளைத் துணியில் சுருட்டி எந்த மூடி போட்ட டப்பாவில் வைத்தாலும் ஒரு வாரம் தாங்கும் என்கிறாள். செய்தித்தாளில் சுற்றாதே, அச்சு மை சாப்பாட்டுப் பொருளில் ஒட்டக்கூடாது. அந்த உயர டப்பாவிலும் தழை வாடாது, அது நல்லபடியாகச் செய்த சாமான்தான். ஆனால் அது நிற்பதற்கு உன் ஃபிரிட்ஜில் ஒரு தட்டையே கழற்ற வேண்டிவரும். ஒரு கட்டுத் தழைக்கு அவ்வளவு இடம் கொடுக்காதே.

இடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் வந்தபோது உன் அடுக்களையைப் பார்த்தேன். இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வாழைப்பழ வளைவும் வெங்காய உருண்டையும் பக்கத்தில் எதையும் ஒட்டி நிற்க விடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் ஏறாது. வட்டச் சம்படமே இடத்தை வீணாக்கும். சதுரமான இடத்தில் வட்டத்தை வைத்தால் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு மூலையில் காலியாகக் கிடக்கும். வாழ்நாள் முழுக்க வட்டச் சம்படம் விற்றவன் சொல்கிறேன், உன் அலமாரிக்குச் சதுர டப்பாதான் சரி. ஒரு கிலோ துவரம்பருப்புக்கு 1¼ லிட்டருக்குக் குறையாத டப்பா வேண்டும். கோதுமை மாவு பருப்பைவிட லேசு, ஒரு கிலோ 1¾ லிட்டர் பிடிக்கும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் அழகாக இருக்கிறதே என்று ஒரு லிட்டர் டப்பாவாக வாங்குகிறவர்கள் வீட்டில்தான், ஒவ்வொரு டப்பாவுக்குப் பின்னாலும் கிளிப் போட்ட பாக்கெட்டில் மிச்சப் பருப்பு உட்கார்ந்திருக்கும். அதில்தான் முதலில் வண்டு வரும்.

முட்டைப் பெட்டியை வாங்கு. பன்னிரண்டு குழி, மேலே தட்டை மூடி, அதன் மேல் இன்னொன்றை வைக்கலாம். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற குழியில் முட்டையை வைக்கிறாய், கதவைத் திறந்து திறந்து மூடும்போது அங்கேதான் சூடு ஏறி இறங்கும். பெட்டியில் போட்டு உள்தட்டில் வை, கூர்மையான முனை கீழே இருக்கட்டும். காற்றறை அகலமான பக்கத்தில் இருக்கிறது, அது மேலே இருந்தால் முட்டை நாள்பட நிற்கும்.

கடைசியாக மாவு டப்பா. மாவுக்கென்று தனிப் பாத்திரம் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீ காட்டியது ஆகாது. படத்தில் கழுத்தைப் பார், வயிற்றைவிட இரண்டு விரல் குறுகல். கை உள்ளே போகாத பாத்திரத்தில் மாவு வைத்தால் தோள் வளைவில் காய்ந்து ஒட்டும், நாலு நாளில் அடுத்த மாவும் அங்கிருந்தே அதிகமாகப் புளிக்கும். மூடியில் ஒரு சிலிக்கோன் வளையம் வேறு. போன மாதம் ஒரு அம்மா அப்படி ஒரு மூடியைக் கடைக்குக் கொண்டுவந்தார். என்ன கழுவினாலும் வாடை போகவில்லை என்றார். நகத்தால் வளையத்தை நெம்பி எடுத்தேன். அடியில் கறுப்பாக, வழவழவென்று, சுற்றிலும் பூசணம். மேலே பார்க்க வளையம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த வளையத்தைக் கழற்ற முடியும் என்றே அவருக்குத் தெரியாது. உன்னிடம் இருக்கிற மூடிகளையும் இன்றைக்கே நெம்பிப் பார்.

மாவு புளிக்கும்போது இரண்டு மடங்கு பொங்கும், வாயு வெளியே போகவும் வழி வேண்டும். அதனால் நேரான சுவர், அகல வாய், இறுகப் பிடிக்காத மூடி. இரண்டு லிட்டர் மாவுக்கு நாலு லிட்டர் பாத்திரம். அப்படி ஒன்று கடையில் நல்ல கனத்தில் இருக்கிறது, உனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். உன் பெயரும் பொறித்தாகிவிட்டது. அங்கே மார்கழிக் குளிரில் மாவு எழும்பவில்லை என்றால் அடுப்புப் பக்கத்தில் ஒரு துண்டைச் சுற்றி வை.

இன்னொன்று. நீ வாங்கியிருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களில் மஞ்சள் கறை ஏறியிருந்ததைப் பார்த்தேன். தேய்த்துக் கீறாதே. கழுவி, திறந்தபடியே பால்கனி வெயிலில் இரண்டு நாள் வை. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, தானே வெளுத்துவிடும். சாம்பாரைச் சூடாக அதில் ஊற்றுவதையும் விட்டுவிடு.

மாவுப் பாத்திரத்தோடு அப்பத்தாவின் உப்பு மரவையையும் துணி சுற்றி வைத்திருக்கிறோம். அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே எடுத்துக் கொடுத்தாள். விளிம்பில் ஒரு இடம் தேய்ந்து பள்ளமாக இருக்கும், அது அப்பத்தாவின் கட்டைவிரல் பட்ட இடம். தண்ணீரில் ஊறப் போடாதே, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உன் அலமாரித் தட்டுக்கும் மேல்தட்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம், ஆழம் எத்தனை என்று டேப் வைத்து அளந்து அனுப்பு. சாண் கணக்கில் சொல்லாதே. சதுர டப்பா வருகிற வியாழக்கிழமை லோடு வருகிறது, அளவு தெரிந்தால் உனக்கு வேண்டியதைப் பிரித்து வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா