முழுச் சிலிண்டர் வேண்டாம் ஐயா, சீல் மட்டும் தாருங்கள்

கொழும்பில் எங்கள் போட் ஸ்டியரிங்குக்கு முகவராக இருக்கும் கொம்பனியின் முகாமையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நிலாவெளிக் கரையிலிருந்து எழுதுகிறேன். நான் யார் என்று உங்களுக்கு மறந்திருக்காது, எஞ்சினை இடம் வலம் திருப்பும், இப்போது ஒயில் ஒழுகும் ஸ்டியரிங் சிலிண்டரின் படத்தையும் ரசீதுப் படத்தையும் நான்கு தடவை அனுப்பிய அதே ஆள்தான். நான்கு தடவையும் வந்த பதில் ஒன்றே: "சீல் தனியாக விற்பதில்லை, முழுச் சிலிண்டரும் மாற்ற வேண்டும்."

சிலிண்டருக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. அதற்குள் போய் வரும் தண்டைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் கிடையாது, உப்பு அரித்த புள்ளியும் இல்லை. போனது தண்டு வெளியே வருகிற இடத்து மூடிக்குள் இருக்கும் ரப்பர் சீல் மட்டும்தான். உப்பு காய்ந்து தண்டில் ஒட்டும், தண்டு போய் வரும்போது அந்த உப்புத்தூள் சீலின் விளிம்பை அராவும், ஒருநாள் ஒயில் கசியும். கடலில் ஓடுகிற சாமானுக்கு இது நடக்கத்தான் செய்யும். இது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் செய்கிற கொம்பனியே சீல் கிட் என்று ஒரு சின்னப் பைக்கற்றைத் தனியாக விற்கிறது. உங்களிடம் வந்ததும் மட்டும் அது எப்படிக் காணாமல் போகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் எங்களுக்கு உழைப்பு. வாடை தொடங்கினால் போட்டைக் கரையில் இழுத்துப்போட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். 25 குதிரை எஞ்சினைக் கையால் பிடித்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நான்தான் திமிங்கிலம் காட்ட வெளிக்கடலுக்குப் போகிறேன் என்று கடன் எடுத்து 115 குதிரை போட்டு, அதற்கு ஒயில் அழுத்தத்தால் திருப்பும் ஹைட்ரோலிக் ஸ்டியரிங்கும் உங்களிடமே வாங்கினேன். விற்கிற அன்று தேத்தண்ணி எல்லாம் தந்தீர்கள்.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். புறாத்தீவிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்புகிறேன், இரண்டு சின்னப் பிள்ளைகள். காலையில்தான் ஒயில் நிரப்பினேன், சிலிண்டரைச் சுற்றிப் பழந்துணியும் கட்டியிருந்தேன். (மனைவியின் பழைய சீலைத் துண்டு. சீல் கிடைக்காத ஊரில் சீலைதான் கட்டவேண்டும் என்று அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.) பாறைப் பக்கமிருந்து வலது கைக்கு ஒடிக்கிறேன், சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே போகிறது, எஞ்சின் அசையவில்லை. குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது. கை பஞ்சுக்குள் புதைந்த மாதிரி. வேகத்தைக் குறைத்துவிட்டு மருமகனைப் பின்னுக்கு அனுப்பினேன். பதினெட்டு வயதுப் பொடியன், எஞ்சின் மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கால் இரண்டையும் போட்டின் விளிம்பில் உதைத்து, நான் "இடது" என்றால் இடது, "வலது" என்றால் வலது என்று அந்தப் பாரத்தைத் தள்ளினான். தீவுக்கும் கரைக்கும் ஒரு கிலோமீட்டர்தான். அந்த ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மணித்தியாலம். ஏதோ விளையாட்டு என்று நினைத்து சின்னப்பிள்ளை கைதட்டியது. தாய் கைதட்டவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரை ஏறியதும் மருமகனின் இரண்டு கையும் நடுங்கின. அந்தக் குடும்பத்திடம் காசு வாங்க எனக்கு வாய் வரவில்லை.

அதோடு, ஒழுகுகிற ஒயில் எங்கே போகிறது? புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல்லின் மேல்தான். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது. தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் படலம் மிதக்கக் கண்டு ஒருவர் என்னை ஏசினார். அவர் ஏசியது நியாயம்தான், என்னிடம் பதில் இல்லை.

நான் சும்மா இருக்கவும் இல்லை. டவுனில் லேத் பாஸ் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன், வாகனக் கடையில் கிடைத்த கிட்டத்தட்ட அதே அளவு வளையத்தைப் போட்டுத் தந்தார், அந்தக் "கிட்டத்தட்ட" நான்கு நாள் நின்றது. மூடியைக் கழற்றும் சாவிகூட இங்கே கிடையாது, இரும்புப் பட்டையில் இரண்டு ஆணி ஒட்டி நாங்களே செய்தோம். பிரேக் ஒயில் ஊற்று என்று ஒருவர் புத்தி சொன்னார், நல்லவேளை கேட்கவில்லை, ஊற்றியிருந்தால் மிச்சமிருந்த சீலும் ஊதிக் கெட்டிருக்கும். கடைசியில் சிலிண்டரைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் 260 கிலோமீட்டர் உங்கள் கவுண்டருக்கே வந்தேன். உங்கள் தம்பி ஒருவர் அதைக் கையால்கூடத் தொடாமல், புதியதின் விலையைக் கணக்குப்பொறியில் தட்டிக் காட்டினார். அன்று பின்னேர பஸ்ஸிலேயே திரும்பினேன். மடியில் அதே பேப்பர் பொட்டலம், சாறன் எல்லாம் ஒயில்.

எங்கள் திருகோணமலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்றுதான் தொடங்குவார்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன, அவற்றுக்காக நாடுகள் ஒப்பந்தம் எழுதுகின்றன. அந்த ஊரில் ஸ்டியரிங்குக்கு ஊற்ற ஒரு லீற்றர் சரியான ஒயிலும் விரல் அளவு ரப்பர் வளையமும் வாங்க முடியாது. திமிங்கிலம் இங்கே, துறைமுகம் இங்கே, வளையம் மட்டும் கொழும்பில். கிண்ணியாவில் 2021இல், பால வேலை முடியாத குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றி இறக்கிய படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளின் உயிர் போன பிறகுதான் எல்லோருக்கும் பாலத்தின் நினைவு வந்தது. நீங்களும் யாராவது போகட்டும் என்றுதான் பார்த்திருக்கிறீர்களா?

சரி, கோபத்தில் கை கொஞ்சம் கூடவே எழுதிவிட்டது, மன்னிக்கவும். பாலத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். சீல் கிட்டைத் தனியாக விற்றுத் தாருங்கள். இலவசமாக வேண்டாம், உங்கள் இலாபத்தையும் வைத்தே விலை சொல்லுங்கள். திருகோணமலை டவுனில் ஏதாவது ஒரு கடையில் பத்துப் பைக்கற் போட்டுவையுங்கள், ஒயிலும் வையுங்கள். இந்தக் கரையில் என்னைப் போல இன்னும் சிலர் துணி கட்டித்தான் ஓடுகிறார்கள், பத்தும் ஒரு மாதம் தாங்காது.

அதுவரைக்கும் எனக்கு இரண்டு கிட் அவசரமாக வேண்டும். காசை இன்றே வங்கியில் போடுகிறேன். இரவு பஸ் சாரதியிடம் கொடுத்துவிட்டால் போதும், விடிய நாலு மணிக்கு நானே பஸ் நிலையத்தில் நின்று எடுத்துக்கொள்வேன். சிலிண்டர் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
நிலாவெளிப் படகோட்டி ஒருவன்